நாலு டிகிரி

ஆனைமலைக்குக் கொஞ்சம் முன்னால்
இடதுபக்கம் ஒரு பலகை:
'நீரா சுவைத்துப் பார்க்கலாம். ஆளுக்கு நூற்றியிருபது.'
நீ வண்டியின் வேகத்தைக் குறைத்தாய்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
எட்டு மாதமாக
ஒன்றும் சொல்லாமலிருக்கப் பழகியிருக்கிறேன்.

தென்னந்தோப்புக்குள் தகரக் கூரை, நீள மேசை.
"செருப்போடவே வாங்க, எறும்பு கடிக்கும்" என்றாள் துளசிமணி.
தலையில் வலைத்தொப்பி,
சட்டைப்பையில் பேனாபோல் ஒரு தெர்மாமீட்டர்.
திருப்பூர்க் குடும்பம் ஒன்று ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது.
அவர்களுடைய பையன் குரும்பைகளைப் பொறுக்கி வந்து
எங்கள் கால்களுக்கிடையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான்.

ஆளுக்கு ஐந்து கோப்பை. கோப்பைக்கு இரண்டு மிடறு.
"மொதல்ல மோந்து பாருங்க. அவசரமே இல்லீங்க."
குட்டை மரம். நெட்டை மரம். கால்வாயோரத்து மரம்.
விடியலில் இறக்கியது. நேற்றுச் சாயங்காலம் இறக்கியது.
மதிப்பெண் போட ஒரு தாள்.
'மணம்' என்ற கட்டத்தில்
நனைந்த வைக்கோல் என்று எழுதி அடித்துவிட்டு
புதுப் பாய் என்று எழுதினேன்.
திருப்பூர்க்காரர் ஐந்து கட்டத்திலும்
நல்லாருக்கு என்று எழுதினார்.
நீ எழுதவில்லை.
கோப்பையை மூக்கருகே வைத்துக்
கண்ணை மூடினாய்.

அந்தக் கண்மூடலை எனக்குத் தெரியும்.
பெரம்பூர் வீட்டில், இரவு பதினொன்றரைக்கு,
தண்ணீர் குடிக்கப் போனவன் திரும்பாத சமையலறையில்
விளக்கைப் போட்டபோது பார்த்தது.

"இது கள்ளுங்களா?"
திருப்பூர்க்காரரின் மனைவி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.
தினமும் வருகிற கேள்விபோல. துளசிமணி சிரிக்கவில்லை.
"ஒரே பாளைங்க. ஒரே தண்ணி.
சும்மா கலயத்துல உட்டா
பொழுதேர்றதுக்குள்ள நொரைச்சுப் போயிரும்.
நாங்க ஐஸ் பொட்டியோட மரத்துல கட்டறோம்.
நாலு டிகிரிக்குள்ள இருந்தா நீரா.
இல்லீன்னா எங்க லைசென்ஸ் போச்சு."

"வெளிய வெச்சா எவ்வளவு நேரம்?"
நீதான் கேட்டாய்.
காலையிலிருந்து நீ பேசிய முதல் முழு வாக்கியம்.
"இந்த வெயிலுக்குங்களா? ரெண்டு மணி நேரத்துல கெளம்பிரும்."
"அப்புறம் திரும்ப ஐஸ்ல வெச்சா?"
துளசிமணி யோசித்தாள்.
"அங்கயே நின்னுக்குமுங்க.
ஆனாத் திரும்பாது."

மரத்திலிருந்து ஆறுச்சாமி பெட்டியோடு இறங்கினார்.
இடுப்புக் கத்தி, காலில் நார் வளையம்,
பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் விரியும் சட்டை.
திருப்பூர்க்காரர் அவரைத் தனியே ஒதுக்கி
"மீனாட்சிபுரம் தாண்டினாக் கடை இருக்குதாமே" என்று கேட்டது
மேசைவரை கேட்டது.
"அரைமணி நேரமுங்க" என்றார் ஆறுச்சாமி,
யாரோ பேருந்து நேரம் கேட்டதுபோல.

நீ ஐந்தாவது கோப்பையை முடித்திருந்தாய்.
ஒரு லிட்டர் வாங்கினாய்.
தெர்மாகோல் பெட்டி, அதற்குமேல் ஒட்டுநாடா.
நேரத்தை அதன்மேல் எழுதித் தந்தாள்: 11.20.

திரும்பும்போது நான் ஓட்டினேன்.
மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு
மூன்று கிலோமீட்டருக்கு ஒருமுறை மூடியைத் தூக்கினாய்.
"இன்னும் சில்லுன்னுதான் இருக்கு."
கேரளா என்று அம்புக்குறி காட்டிய பிரிவைக்
கடக்கும்போது இருவரும்
எதிரே வந்த தேங்காய்மட்டை லாரியையே பார்த்தோம்.
எண்பதில் போய்க்கொண்டிருக்கிறேன் என்பதை
வேகத்தடைதான் சொன்னது.

ஆழியாறு அணைப்படியில் பெட்டியைத் திறந்தாய்.
ஐஸ் தண்ணீராகி, சீசா அதில் சாய்ந்து மிதந்தது.
கழுத்தில் வெள்ளையாக ஏதோ.
நுரையோ, குலுங்கியதோ.
மணி ஒன்றே கால்.

நீ குடிக்கவில்லை.
சீசாவை என் பக்கம் நீட்டி
"நீ பாரு" என்றாய்.

வாயில் வைத்தேன்.
நாக்கின் நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று.
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.
இனிப்பு என்று தலையாட்டினேன்.
பிறகுதான் விழுங்கினேன்.